வெதுவெதுப்பான கடல்: புதிதாக இறங்குவோருக்கு

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் கடலாட வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்குமா?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், "இல்லை, வெதுவெதுப்பாத்தான் இருக்கும்" என்ற பதில் காதில் விழுந்ததும் வேறு எதையும் கேட்காமல் ஓடிப்போய் இறங்கிவிடுகிறார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் அடிவயிறு கலங்குகிறது. இந்தக் கரையில் காலை வேளைகளில் புதியவர்களோடு இறங்கி ஏறியே வயதாகிப் போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சென்னை முதல் புதுச்சேரி வரையுள்ள வங்கக் கரைக்குத்தான் இது பொருந்தும். மேற்குக் கரைக்கும் பாக் நீரிணைக்கும் கணக்கு வேறு.

1. தண்ணீரின் சூட்டை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தை, மாசியில் இந்தக் கரையில் மேல்நீர் சுமார் 26, 27 டிகிரி செல்சியஸ் இருக்கும். சித்திரை, வைகாசியில் 29, 30 வரை ஏறும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசி, ஐப்பசி வாக்கில், இன்னொரு முறை சூடு கொஞ்சம் தூக்கும்; மார்கழியில் இறங்கிவிடும். வருடம் முழுக்கப் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் மூன்று, நான்கு டிகிரிதான். நீச்சல் போட்டி நடத்தும் குளங்களுக்கு விதித்திருக்கும் அளவு 25 முதல் 28 டிகிரி. அப்படியானால் நம் கடலின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் போட்டிக் குளத்தின் சூடு இருக்கிறது. குளிருக்குப் பயந்து இங்கே யாரும் வராமல் இருக்க வேண்டியதில்லை.

2. அந்தச் சுகத்தை நம்பிவிடாதீர்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான், பிள்ளைகளே. குளிர்ந்த கடல் ஆளைத் தானே வெளியே விரட்டிவிடும். ஆங்கிலக் கால்வாயில் நல்ல கோடையான ஆகஸ்ட்டிலும் 16 முதல் 18 டிகிரிதான். இலங்கையின் வல்வெட்டித்துறை தந்த நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவுமாக நீந்திக் கடந்தவர். அவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில்தான் உயிர் நீத்தார். அப்படிப்பட்ட குளிர்ந்த தண்ணீரில் பழக்கமில்லாதவர் சில நிமிடங்களிலேயே பல் கிட்டி, நடுங்கிக் கரையேறிவிடுவார். அவருக்குச் சொல்ல வேறு ஆள் வேண்டாம், அவர் உடம்பே சொல்லிவிடும்.

நம் கடல் அப்படிச் சொல்லாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளேயே வைத்துக்கொள்ளும். கைகால் ஓய்ந்தது தெரியாது. தாகம் தெரியாது. கரை எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதும் தெரியாது. எல்லாம் தெரியவரும்போது திரும்ப நீந்துவதற்குத் தெம்பு மிச்சமிருக்காது. அதனால் நேரத்தை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு இருபது நிமிடம் போதும். ஏறி உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி இறங்குங்கள்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 28 டிகிரி என்பது உடம்புச் சூட்டைவிட ஒன்பது டிகிரி குறைவு. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு உறைக்காத அந்த இழப்பு, ஒல்லியான குழந்தைக்குச் சீக்கிரம் உறைக்கும். உதடு நீலம் பாரித்தால், தாடை நடுங்கினால், அழுதாலும் பரவாயில்லை என்று தூக்கிக்கொண்டு வந்து துவட்டிவிடுங்கள்.

3. சூடாக இருக்க வேண்டிய தண்ணீர் திடீரென்று சில்லிட்டால், ஏன் என்று கேளுங்கள். ஆனி, ஆடியில் சில காலைகளில் இது நடக்கும். வெளியே வெயில் கொளுத்தும். காலை நனைத்தால் தண்ணீர் எதிர்பாராத குளிர்ச்சியாக இருக்கும். அந்த மாதங்களில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கரையை ஒட்டி விடாமல் வீசும் காற்று, சூடேறிய மேல்நீரைக் கரையைவிட்டு விலக்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலேறுகிறது. மேல்நீர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே மிதப்பவையும் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

போதாக்குறைக்கு, கச்சான் என்கிற மேல்காற்று பலமாக அடிக்கும் காலைகளில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலை அடங்கி, பார்க்க அழகாகத் தெரியும். அந்த அழகை நம்பித்தான் காற்றடைத்த ட்யூபில் குழந்தையை உட்கார வைக்கிறார்கள். கைப்பிடி ஒருமுறை விட்டால் போதும், ட்யூப் நீங்கள் நீந்துவதைவிட வேகமாக உள்ளே போகும். பந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். துரத்தாதீர்கள்.

4. இறங்குமுன் பத்து நிமிடம் கரையில் நின்று கடலைப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதல் பாடம். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்களை நான் கூட்டிக்கொண்டு இறங்குவதில்லை.

எதைப் பார்ப்பது? அலை எங்கே வெள்ளையாக உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பாருங்கள். வரிசையாக நுரைத்து வருகிற அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் நுரை அறுந்து, தண்ணீர் கொஞ்சம் கருத்து, மேலே சிலுசிலுவென்று சிற்றலை ஓடிக்கொண்டிருக்கும். பழகாத கண்ணுக்கு அதுதான் அமைதியான இடம். "இங்கே அலையே இல்லையே, இங்கேயே இறங்கலாம்" என்று குடும்பத்தோடு அங்கேதான் போவார்கள். அங்கேதான் இழுப்பு இருக்கிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வழி தேடி, மணல் திட்டில் தாழ்ந்த இடமாகப் பார்த்து, ஒடுங்கிய ஓர் ஆற்றைப் போல உள்ளே பாய்கிறது. கூர்ந்து பார்த்தால் கலங்கிய மணலும் நுரைத் துணுக்குகளும் கடல் பக்கமாக நகர்வது தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு காய்ந்த குச்சியை எறிந்து பாருங்கள், போகிற திசையைக் காட்டிவிடும்.

இழுப்பின் வேகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. சாதாரணமாக நடை வேகத்துக்கும் குறைவாக இருக்கும். பெரிய அலை வரும் நாளில் ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்த முடியாத வேகத்துக்கு ஏறும். மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியவை இவைதான். கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள். செத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்துதான் களைத்துச் சாகிறார்கள். இழுப்பு உங்களை அடியில் அமுக்காது, உள்ளே கொண்டுபோகும், அவ்வளவுதான். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுங்கள். பிறகு கரைக்கு இணையாக, அலை வெள்ளையாக உடைகிற பக்கமாகப் பார்த்து நீந்துங்கள். அந்த உடையும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். நீந்தத் தெம்பு இல்லையென்றால் மிதந்துகொண்டே இருங்கள். அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் இழுப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

இதைப் படித்து மனப்பாடம் செய்தால் போதாது. மல்லாந்து மிதப்பதை இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழகுங்கள். கைகாலை அடிக்காமல் ஐந்து நிமிடம் மிதக்கத் தெரியாதவருக்குக் கடலில் மார்பளவு ஆழம்கூட அதிகம்.

5. தூண்டில் வளைவு, பாறை, முகத்துவாரம் இந்த மூன்றின் பக்கத்தில் குளிக்காதீர்கள். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகள் இந்தக் கரை நெடுக இருக்கின்றன. கரையோரமாக ஓடிவரும் நீர் கல்லில் முட்டியதும் போக வழியில்லாமல் கல்லை ஒட்டியே கடலுக்குள் திரும்பும். மணலில் உண்டாகும் இழுப்பு இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு வேறிடம். கல்லோரத்து இழுப்பு இடம் மாறுவதில்லை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டிய பாறைப் பக்கமும், புதுச்சேரியில் கருங்கல் சுவர் ஓரமும் நின்று பார்ப்பதற்கு மட்டுமே. முட்டுக்காடு, அடையாறு போன்ற முகத்துவாரங்களில் வற்றத்தின்போது உப்பங்கழித் தண்ணீர் முழுக்கக் கடலுக்குள் இறங்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவரையும் சாய்த்துவிடும்.

6. அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். நம் கரையில் பல இடங்களில் மணல் சரேலென்று சரிகிறது. மெரினா அதற்குப் பேர்போனது. அங்கே குளிக்கக் கூடாது என்று காவல்துறை விரட்டுவது வீண் கெடுபிடி அல்ல. இப்படிச் சரிந்த கரையில் அலை தூரத்தில் உடைந்து தேய்ந்து வராது, காலடியில் வந்து மொத்தமாகக் கவிழும். திரும்பிப் போகும் தண்ணீர் குதிகாலுக்கு அடியிலுள்ள மணலை உருவும். நிற்கிற ஆள் பின்னால் சாய்வான். அந்த நேரத்தில் அடுத்த அலை வந்து விழும். செல்ஃபிக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களுக்கு நடப்பது இதுதான். அலைக்குப் பக்கவாட்டில், காலை அகட்டி, முழங்காலைச் சற்று மடித்து நில்லுங்கள். ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாயவே கூடாது. கழுத்தெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த இளைஞர்களை இந்தக் கரை பார்த்திருக்கிறது.

7. மாதம் பார்த்து வாருங்கள். மாசி, பங்குனிதான் புதியவர்களுக்கு ஏற்ற காலம். வாடை தணிந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது, தண்ணீரும் தெளிந்திருக்கும். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் ஊர் ஊராக வந்து மாமல்லபுரம் மணலில் தங்கிக் கடலாடுவது இந்தப் பருவத்தில்தான். சுற்றுவட்டாரத்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவதும் அப்போதுதான். வெயில் காலத்தில் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு மேல் கடற்காற்று எழுந்தால் அலை குழம்பிவிடும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை புதியவர்கள் இறங்க வேண்டாம். தண்ணீர் அப்போதும் 27, 28 டிகிரி இருக்கும், தொட்டால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் வாடை, புயல், வடக்கிலிருந்து ஓடிவரும் நீரோட்டம் எல்லாம் சேர்ந்து கடல் புரண்டுகொண்டிருக்கும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் முன்னால் எத்தனையோ பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1930 டிசம்பரில் அங்கே பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டவருக்கு எழுப்பியது அது. காப்பாற்றப் போனவரையே மார்கழிக் கடல் கொண்டுபோன இடம். படம் எடுக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

8. காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்கும். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், இலை அசையாது, அலை மட்டும் திடுமென்று உயர்ந்து மணலை விழுங்கும். தென்கோடியிலும் கேரளத்திலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த இளம்பிள்ளைகள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. ஐந்து வீடுகளில் விளக்கு அணைந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்கோய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் அலை உயரம், நீரோட்டம், மேல்நீர்ச் சூடு ஆகியவற்றைத் தினமும் முன்கூட்டியே வெளியிடுகிறது. காசு கேட்பதில்லை. ஓட்டல் அறை பிடிக்க எடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும் அதைப் பார்க்க. தென்கோடிக்கு எச்சரிக்கை என்றால் நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள்; நம் கரைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அதோடு, கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுவார். ஃபைபர் படகுகளெல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்தால் அதுவும் ஒரு பதில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். அதனால் அந்த நாள்களிலும் கரைப் படகுகள் கிடப்பில் இருந்தால் காரணம் கடல்தான். கரைவலை இழுக்கும் இடத்தில் மட்டும் குறுக்கே இறங்காதீர்கள். கயிறு காலில் மாட்டும், அவர்கள் பிழைப்பும் கெடும்.

9. அமாவாசை, பௌர்ணமியில் கூடுதல் கவனம் வேண்டும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் அந்த நாள்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர். சரிந்த கரையில் அந்த ஒரு மீட்டர், இடுப்பளவு நின்றவரைக் கழுத்தளவுக்குக் கொண்டுபோகும். ஆடி, தை அமாவாசைகளில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வயதானவர்களைக் கையைப் பிடித்து இறக்கி, கையைப் பிடித்தே ஏற்றுங்கள்.

10. பெருமழை பெய்தால் சில நாள் தள்ளிப் போடுங்கள். நகரத்துச் சாக்கடையையும் வயல் மருந்தையும் ஆறுகள் கடலில் கொண்டுவந்து கொட்டும். காதுச் சீழ், வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு எல்லாம் இதனால் வருவதுதான். 2021இல் கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் நீலக்கொடித் தகுதி பெற்றன. அதற்குத் தண்ணீரில் மலக்கிருமிகள் இருக்கின்றனவா என்று முறையாகச் சோதிக்க வேண்டும், உயிர்காப்பாளர் இருக்க வேண்டும். ஆகவே புதியவர்கள் இப்படிப்பட்ட இடத்திலேயே தொடங்குங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட தண்ணீர் காப்பாளர் கண்ணில் உள்ளது, அதற்குள் குளியுங்கள். தனி மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. விசில் ஊதுகிற பையனிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். சம்பளத்துக்கு நிற்கிறான் என்றாலும் அவன் நிற்பது உங்கள் பிள்ளைக்காக.

11. சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள். தண்ணீர் சூடாக இருக்கும் மாதங்களிலும் புயலுக்குப் பிறகும் சொறி கரை ஒதுங்கும். மணலில் செத்துக் கிடந்தாலும் அதன் நூல் கொட்டும். குழந்தைகள் குச்சியால் குத்தி விளையாடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன கையோடு பெசன்ட் நகரில் நீல டிராகன் என்ற சின்ன உயிர்கள் ஒதுங்கின. கண்ணைப் பறிக்கும் நீலம், தொட்டால் கொட்டும். பட்ட இடத்தைக் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், அது ஒட்டியிருக்கும் கொட்டணுக்களையும் வெடிக்க வைக்கும். ஒட்டிய நூலை அட்டையாலோ இடுக்கியாலோ எடுத்துவிட்டு, தோல் வெந்துபோகாமல் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், காத்திருக்காமல் 108. திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர் வலியைக் குறைக்கும், ஆனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

12. புடவை, வேட்டி, ஜீன்ஸ் இவற்றோடு முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். நனைந்த துணி காலைப் பின்னும். குடித்துவிட்டு ஒருவரும் இறங்கக் கூடாது. இதில் விளக்கம் சொல்ல எதுவும் இல்லை.

13. ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே பாயாதீர்கள். இந்தக் கரையில் ஒருவரோடு முடிய வேண்டியது மூன்று பேராக ஆவது இப்படித்தான். அண்ணனைத் தேடித் தம்பி போவான், தம்பியைத் தேடி நண்பன் போவான். மிதக்கிற எதையாவது எறியுங்கள்: ட்யூப், மூடிய தண்ணீர் கேன், தெர்மகோல் பெட்டி, கயிறு. காப்பாளரையும் மீனவரையும் கத்திக் கூப்பிடுங்கள். ஆள் இருக்கும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும்.

கரைக்குக் கொண்டுவந்ததும் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் போகிற நிமிடங்கள் திரும்பி வராது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போய்விடவும் கூடும். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டுவது உண்டு.

ஆம்புலன்சுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இந்த இரண்டு எண்களையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். நெஞ்சழுத்தமும் மூச்சு கொடுப்பதும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. அடுத்த முறை கடலுக்கு வருவதற்கு முன் உங்கள் வீட்டில் ஒருவராவது அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.